போனது தண்ணீரா, உப்புத் தண்ணீரா? கடல்நீர்த் தொட்டியில் உப்பளவைக் காப்பது பற்றி

சம்ப்பில் (மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி), நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நிற்கும் அறையின் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். இரவு படுக்கப் போகும்போது நீர்மட்டம் டேப்பின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. காலையில் பார்த்தால் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. மேலே தொட்டியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. கோமாளி மீன்கள் வழக்கம்போலக் கடல் சாமந்திக்குள் புரண்டுகொண்டிருக்கின்றன. ஆனால் அந்த ஒரு விரற்கடை இடைவெளியைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இங்கிருந்து போனது வெறும் தண்ணீரா, உப்பையும் தூக்கிக்கொண்டு போன தண்ணீரா?

கடல்நீர்த் தொட்டியில் உப்பளவு நிலையாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே தங்கிவிட்டது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கிண்ணத்தில் சேர்ந்ததும், தரையில் சிந்தியதும் உப்புத் தண்ணீர். அது போனபோது உப்பும் போய்விட்டது. இரண்டிலும் மட்டம் ஒரே மாதிரிதான் இறங்கும். திருப்பி ஊற்ற வேண்டியது மட்டும் வேறு வேறு.

35 என்ற எண்

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற கணக்கில் இதை 35 பிபிடி என்கிறோம். அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 10.8 கிராம் அளவு, சல்ஃபேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். மற்றவை எல்லாம் துளித்துளி.

இதில் நமக்கு வசதியான ஒரு விஷயம் உண்டு. கடலுக்குக் கடல் மொத்த உப்பளவு மாறலாம். ஆனால் முக்கியமான உப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டிருக்கும் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. வேதியியலாளர் அலெக்சாண்டர் மார்செட் 1819-இல் இதைச் சொன்னார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்துப் பார்த்து, வில்லியம் டிட்மார் 1884-இல் அதை உறுதிசெய்தார். இந்த விகிதம் நிலையாக இருப்பதால்தான் ஒரே ஒரு அளவை எடுத்து, அதை வைத்து நீரின் மொத்தக் குணத்தையும் கணிக்க முடிகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கால்சியம் சோதித்துப் பார்த்தால் 375 பிபிஎம் (பத்து லட்சத்தில் 375 பங்கு) வருகிறது, 410 இருக்க வேண்டுமே என்று உடனே கால்சியம் கரைசலை எடுக்கிறார்கள். அப்புறம் மக்னீசியமும் 1170 என்று குறைவாக வருகிறது, அதற்கும் ஒரு பாட்டில். உண்மையில் உப்பளவு 35-லிருந்து 32-க்கு இறங்கியிருந்தாலே இந்த இரண்டு எண்களும் இப்படித்தான் வரும். எல்லாமே 100-க்கு 9 பங்கு நீர்த்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உப்பளவைப் பார்க்காமல் வேறு எந்தச் சோதனையின் முடிவையும் நம்பி மருந்து ஊற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பவளப் பாறைகள் இருக்கும் கடல்களில் உப்பளவு பெரும்பாலும் 34-க்கும் 36-க்கும் இடையில் நிற்கும். செங்கடலின் வடபகுதியில் 40 வரை போகும். அங்கேயும் பவளங்கள் செழித்துத்தான் வளர்கின்றன. ஆகவே 35 ஒரு மந்திர எண் அல்ல. 34-இல் வைத்திருக்கும் தொட்டி வருடக்கணக்கில் 34-லேயே இருந்தால் நல்ல தொட்டி. திங்கட்கிழமை 34, வெள்ளிக்கிழமை 37 என்று ஆடும் தொட்டிதான் ஆபத்தானது.

ஆட்டம் ஏன் கொல்கிறது

எலும்புள்ள கடல்மீனின் உடல் திரவத்தில் உப்பு, கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சவ்வூடு பரவல் மூலம் உடலிலிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கடலுக்குள் இருந்துகொண்டே மீன் தாகத்தோடு போராடுகிறது என்றே சொல்லலாம். அது கடல்நீரைக் குடிக்கிறது. சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் உள்ள தனிச் செல்கள் வழியாக வெளியேற்றுகிறது. மக்னீசியத்தையும் சல்ஃபேட்டையும் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. இதற்கெல்லாம் சக்தி செலவாகிறது. உப்பளவு இறங்கினால் இந்தச் சுமை குறைகிறது, ஏறினால் கூடுகிறது. அதனால்தான் மீன்கள் இறக்கத்தைத் தாங்கும் அளவுக்குத் திடீர் ஏற்றத்தைத் தாங்குவதில்லை. வெண்புள்ளி ஒட்டுண்ணிக்குச் சிகிச்சையாக, மீன்களைத் தனித் தொட்டியில் வைத்து ஒப்படர்த்தியை (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.009 வரை இறக்கும் முறை இருக்கிறது. மீன் அதைத் தாங்கும். ஆனால் அங்கிருந்து பழைய அளவுக்கு ஏற்றும்போது நாட்கணக்கில் நிதானமாக ஏற்ற வேண்டும்.

முதுகெலும்பற்றவற்றின் நிலை வேறு. பவளம், நட்சத்திர மீன் போன்றவற்றின் உடல் திரவம் சுற்றியுள்ள நீரோடு ஏறக்குறைய ஒரே செறிவில் இருக்கும். மீனிடம் இருப்பது போன்ற வெளியேற்றும் ஏற்பாடு அவற்றிடம் இல்லை. வெளியே உப்பு இறங்கினால் தண்ணீர் நேராக அவற்றின் செல்களுக்குள் ஏறும். மெல்ல நடந்தால் செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். ஒரே இரவில் நடந்தால் முடியாது. புதிதாக வாங்கிவந்த நட்சத்திர மீன் ஒரு வாரத்தில் கை கையாகக் கரைந்துபோவதைப் பார்த்தவர்கள், பெரும்பாலும் பை நீரின் உப்பளவையும் தொட்டி நீரின் உப்பளவையும் ஒப்பிடாமல் உள்ளே விட்டவர்களாக இருப்பார்கள். மீன்களை மட்டும் வைத்து விற்பவர்கள் சிலர் 27 பிபிடி வாக்கில்கூட வைத்திருப்பதுண்டு. ஆகவே பையைத் திறந்ததும் முதலில் அளந்துவிட வேண்டும். வித்தியாசம் இருந்தால், மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டையும் சமமாக்க வேண்டும்.

ஆவியாதல் என்ற தினசரிக் கணக்கு

கணக்கு எளிதாக இருக்க, 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் என்று 3,500 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடியில்லாத தொட்டி; தினமும் 2 லிட்டர் ஆவியாகிறது. முதல் நாளில் 98 லிட்டரில் அதே 3,500 கிராம், உப்பளவு 35.7. ஒரு வாரம் ஒன்றுமே ஊற்றாமல் விட்டால் 86 லிட்டர்தான் மிஞ்சும். உப்பளவு 40.7.

சரி, இன்னொருவர் பொறுப்பாகத் தினமும் 2 லிட்டர் ஊற்றுகிறார். ஆனால் 'இது கடல்நீர்த் தொட்டி, இதற்குக் கடல்நீர்தானே ஊற்ற வேண்டும்' என்று நினைத்து, 35 பிபிடி உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார். ஒவ்வொரு நாளும் 70 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது. ஒரு வாரத்தில் 490 கிராம். மட்டம் சரியாக 100 லிட்டரில் நிற்கிறது. உப்பளவு மட்டும் 39.9. கவனிக்காமல் விட்டவரும் அக்கறையாக ஊற்றியவரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். முதலாமவரின் தொட்டியில் இறங்கிய மட்டமாவது அவரை எச்சரிக்கும். இரண்டாமவரின் தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை.

ஆவியானதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத தூய நீர். அதிலும், கரைந்த தாதுக்களையும் நீக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டியில் வந்த நீராக இருப்பது நல்லது. குழாய் நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள், நைட்ரேட், சில இடங்களில் செம்பு எல்லாமே நீர் ஆவியான பிறகும் தங்கிவிடும். தினமும் ஊற்றினால் தினமும் சேரும்.

எவ்வளவு ஆவியாகும் என்பது தொட்டியின் கொள்ளளவைவிட நீர்ப்பரப்பு, காற்றின் வறட்சி, அறையின் வெப்பம், மேற்பரப்பு எவ்வளவு கலங்குகிறது என்பவற்றைப் பொறுத்தது. வெயில் காலத்தில் நீரைக் குளிர்விக்க மேலே மின்விசிறி வைத்தால் ஆவியாதல் பளிச்சென்று கூடும். குளிர்வதே ஆவியாவதால்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், 100 லிட்டர் நீரைக் கிட்டத்தட்ட 6 டிகிரி செல்சியஸ் குளிர்விக்கப் போதுமானது. ஆகவே மின்விசிறி போட்ட நாளிலிருந்து ஊற்றும் நீரின் அளவும் மாறும். குளிர்சாதனம் ஓடும் அறையிலும் காற்று வறண்டு இதே கதைதான். சின்னத் தொட்டிகளில் இந்த ஆட்டம் இன்னும் வேகம். 30 லிட்டர் நானோ தொட்டியில் தினமும் அரை லிட்டர் போனால், மூன்று நாளில் உப்பளவு 36.8-ஐத் தொட்டுவிடும்.

சம்ப் வைத்த தொட்டியில் இறக்கம் எங்கே தெரியும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் தொட்டியின் மட்டத்தை வழிந்தோடும் விளிம்பு நிலையாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்கிம்மர் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடிகள் பிடித்து வைத்திருக்கின்றன. மிச்சமிருப்பது ரிட்டர்ன் பம்ப் அறை மட்டும்தான். முழு அமைப்பிலும் ஆவியானது அந்தச் சின்ன அறையில் இறங்கித் தெரியும். டேப்பை நான் அங்கே ஒட்டியது அதனால்தான்.

உப்பு வெளியேறும் வழிகள்

ஆவியாதலை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். உப்பு மெல்லக் கசிந்து போவதைக் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும்.

பெரிய வழி ஸ்கிம்மர். நுரையைக் கெட்டியாக எடுக்கும்படி வைத்தால் கிண்ணத்தில் சேருவது கொஞ்சம் கரும்பழுப்புக் குழம்பு. தண்ணீராக எடுக்கும்படி வைத்தால் தேநீர் நிறத்தில் தினமும் அரை லிட்டர்கூடச் சேரும். அந்த அரை லிட்டரில் 17.5 கிராம் உப்பு இருக்கிறது. மட்டம் இறங்கியதும் தானியங்கி நீர் நிரப்பி அதை ஆவியாதல் என்றே எடுத்துக்கொண்டு தூய நீரை விடும். 200 லிட்டர் அமைப்பில் ஒரு மாதத்தில் 525 கிராம் உப்பு போய்விடும். 35 பிபிடி 32.4-க்கு வந்துவிடும். எந்த நாளிலும் எதுவும் தவறாக நடந்ததாகத் தெரியாது. கருவி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

இதற்கு நான் செய்வது எளிது. ஸ்கிம்மர் கிண்ணத்தைக் கொட்டுவதற்கு முன் அளக்கிறேன். அதே அளவு உப்புத் தண்ணீரைக் கையால் சம்ப்பில் ஊற்றுகிறேன். மிச்சத்தை நீர் நிரப்பி பார்த்துக்கொள்ளட்டும்.

தொட்டி விளிம்பிலும் விளக்கின் அடியிலும் வெள்ளையாகப் பூக்கும் உப்பும் தொட்டியிலிருந்து போனதுதான். குமிழ்கள் வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து அப்படிப் படிகின்றன. அதை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம். கட்டியாக உள்ளே தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம். பவளத்தின் மேல் விழும் உப்புக் கட்டி அந்த இடத்தைச் சுட்டுவிடும். நண்பருக்குப் பவளத் துண்டு கொடுக்கும்போது பையில் போகும் நீர், வடிகட்டிச் சாக்கை அலசும்போது போகும் நீர் என்று இன்னும் சில சின்னக் கசிவுகள் உண்டு.

எதிர்த் திசையிலும் ஒரு கசிவு இருக்கிறது. கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தினமும் தனித்தனியாக ஊற்றுபவர்களின் தொட்டியில், பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய சோடியமும் குளோரைடும் சேர்ந்து சாதாரண உப்பாக நீரிலேயே நிற்கும். பவளங்கள் நிறைந்த தொட்டியில் மாதங்கள் போகப் போக இது உப்பளவை மேலே தள்ளும்.

அளக்கும் கருவியை எவ்வளவு நம்பலாம்

ஒளி விலகுவதை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் சாய்ந்த கண்ணாடி மேல் இரண்டு மூன்று சொட்டு நீர் விட்டு, குமிழி சிக்காமல் மூடியைச் சாய்த்து இறக்க வேண்டும். அரை நிமிடம் காத்திருந்தால் சொட்டு கருவியின் வெப்பநிலைக்கு வந்துவிடும். வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடுதான் அளவு. அந்தக் கோடு கூர்மையாக இல்லாமல் மங்கலாகத் தெரிந்தால், கண்ணாடியில் பழைய உப்பு காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பலர் தூய நீரை விட்டு கோட்டை 0-இல் வைத்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். நாம் அளக்கப்போவது 0 பக்கத்தில் அல்ல, 35 பக்கத்தில். கருவியின் பிழை அங்கேதான் சோதிக்கப்பட வேண்டும். அதோடு சந்தையில் உள்ள கருவிகள் பல, கடல்நீருக்காக அல்லாமல் சாதாரண உப்புக் கரைசலுக்காக அளவுகோடு போட்டவை. கடல்நீரில் மக்னீசியமும் சல்ஃபேட்டும் இருப்பதால் அதன் ஒளிவிலகல் சற்று வேறு. அப்படிப்பட்ட கருவி 35 பிபிடி கடல்நீரை ஏறக்குறைய 36.5 என்று காட்டும். அதை நம்பி 35-க்கு இறக்கினால் உண்மையில் தொட்டி 33.5-இல் நிற்கும்.

உப்பளவு துல்லியமாகத் தெரிந்த 35 பிபிடி திட்டக் கரைசல் ஒன்றை வைத்துச் சரிபார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். வீட்டிலும் தயாரிக்கலாம். 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், அதன் ஒளிவிலகல் 35 பிபிடி கடல்நீருடையதோடு ஒத்துப்போகும். நல்ல தராசு வேண்டும். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே. மின்கடத்துதிறன் மீட்டருக்கு இதைப் பயன்படுத்தினால் தவறாகக் காட்டும். பாட்டிலை இறுக மூடி வையுங்கள். மூடி தளர்ந்திருந்தால் திட்டக் கரைசலும் ஆவியாகி, கருவியையே பொய் சொல்ல வைக்கும்.

ஹைட்ரோமீட்டர் நீரின் ஒப்படர்த்தியை அளக்கும் கருவி. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில், முள்ளில் ஒட்டிய ஒரு குமிழி அதை மேலே தூக்கி அதிகமாகக் காட்டும். முள்ளில் உப்புப் படிந்தால் கனத்துக் குறைவாகக் காட்டும். மிதக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் எனக்குப் பிடித்தது. அதற்குள் மாறுவதற்கு எதுவும் இல்லை. உடையும்வரை உண்மையே சொல்லும். ஆனால் அதில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் பார்க்க வேண்டும். ஒப்படர்த்தி வெப்பத்தோடு மாறும், உப்பளவு மாறாது. 25 டிகிரியில் 35 பிபிடி என்பது 1.0264. ஒப்படர்த்தியில் 0.001 வித்தியாசம் ஏறக்குறைய 1.3 பிபிடி.

மின்கடத்துதிறன் மீட்டரில் 35 உப்பளவுள்ள கடல்நீர் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ் காட்ட வேண்டும். கடலாய்வாளர்களே 1978-இல் உப்பளவை மின்கடத்துதிறனால் வரையறுக்க ஒப்புக்கொண்டார்கள். தொட்டிக்குள் நிரந்தரமாக வைக்கும் மின்முனையில் குமிழியும் பாசியும் ஒட்டும் என்பதால் அதையும் அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும் ஒன்றையே வைத்திருந்து, அதன் பிழையைத் தெரிந்துகொண்டு, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அளந்து எழுதி வைப்பது நல்லது.

தானியங்கி நிரப்பியும் அதன் நத்தையும்

மட்டம் இறங்கியதும் மிதவை சுவிட்ச் தாழும், பம்ப் ஓடும், தூய நீர் வரும், மிதவை எழும், பம்ப் நிற்கும். நாளுக்கு ஒருமுறை இரண்டு லிட்டரை மொத்தமாகக் கொட்டுவதற்குப் பதிலாக நாள் முழுக்கச் சிறிது சிறிதாக விடுவதால், உப்பளவு ஏறக்குறைய நேர்கோடாக நிற்கும். இவ்வளவு நிலைத்தன்மையைக் கையால் கொண்டுவர முடியாது.

என்னுடைய 150 லிட்டர் அமைப்பில் ஒரு நத்தை இரவில் மிதவையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மிதவை எழவே இல்லை. அப்போதுதான் நிரப்பி வைத்திருந்த 20 லிட்டர் தூய நீர் முழுவதும் உள்ளே போயிருந்தது. காலையில் மென்பவளங்கள் எல்லாம் முஷ்டி மூடியதுபோல் சுருங்கியிருந்தன. சுத்தம் செய்யும் இறால் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் 31. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பவளங்கள் ஒரு வாரத்தில் விரிந்தன. இறால் இரண்டாம் நாள் செத்தது.

அன்றிலிருந்து மிதவையைச் சுற்றி வலைக்கூண்டு இருக்கிறது. அதற்கு மேலே அபாய மட்டத்தில் இரண்டாவது மிதவை ஒன்று, பம்பை நிறுத்துவதற்கென்றே. முக்கியமாக, தூய நீர் வாளியைச் சிறியதாக்கிவிட்டேன். 200 லிட்டர் அமைப்பில் 40 லிட்டர் கலன் முழுதும் ஒரே அடியாக இறங்கினால் உப்பளவு 29-க்குப் போய்விடும். 10 லிட்டர் கலன் இறங்கினால் 33.3-இல் நிற்கும். கலனின் அளவே கடைசிப் பாதுகாப்பு. குழாயின் முனை சம்ப் நீருக்கும் கலனின் நீர்மட்டத்துக்கும் மேலே நிற்க வேண்டும். கலனின் நீர்மட்டம் முனையைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் நீர் தானாக இழுத்துக்கொண்டு ஓடும்.

நீர் மாற்றும்போது நிரப்பியை நிறுத்திவிடுங்கள். மட்டம் இறங்கியதைப் பார்த்து அது தூய நீரை நிரப்பத் தொடங்கிவிடும். நீங்கள் கலந்து வைத்த உப்பு நீருக்கு இடமே இருக்காது. புதிய நீரை 24 மணி நேரம் முன்பே பம்ப் போட்டுக் கலக்கி, தொட்டியின் உப்பளவுக்கும் வெப்பத்துக்கும் கொண்டுவந்து வைக்க வேண்டும். உப்புக் கலவையைக் குவளையால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும் என்பதால் எடைபோட்டுக் கலந்த பிறகும் உப்பளவை அளந்து பார்க்காமல் ஊற்ற வேண்டாம்.

தவறிய அளவை மீட்பது

ஒப்படர்த்தியில் நாளுக்கு 0.001-க்கு மேல் மாற்றக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் பின்பற்றும் கணக்கு. ஏற்றும்போது நான் அதற்கும் கீழேதான் நிற்பேன்.

32.4-க்கு இறங்கிய அந்த 200 லிட்டர் தொட்டிக்கு 520 கிராம் உப்பு தேவை. உப்பை நேராகப் போடுவது கூடவே கூடாது. தினமும் 3 லிட்டர் ஆவியாகிறது என்றால், ஐந்து நாளைக்குத் தூய நீருக்குப் பதில் 35 பிபிடி உப்பு நீரை ஊற்றினால் போதும். நாளுக்கு 105 கிராம். ஐந்தாம் நாள் கணக்கு நேராகிவிடும். முன்பு தவறு என்று சொன்ன அதே செயல் இங்கே மருந்தாகிறது. 38-க்கு ஏறிய 200 லிட்டர் தொட்டியை இறக்க, நாளுக்கு 4 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு 4 லிட்டர் தூய நீரை, நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக விட வேண்டும். நான்கு நாளில் 35-க்கு வந்துவிடும்.

வெளியூர் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் இவ்வளவு கணக்கும் சொல்ல முடியாது. ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் எவ்வளவு நீர் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த அளவுத் தூய நீரை நாளுக்கு ஒரு பாட்டிலாக நிரப்பி, ஒவ்வொன்றிலும் கிழமையை எழுதி வைக்கிறேன். உப்புத் தண்ணீர்க் கலனைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன். மட்டம் டேப்பைத் தொட்டுக்கொண்டு இருந்தால் அன்றைய பாட்டிலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.